ஒவ்வாமையும் மருந்தும்

ஒத்தல், ஒவ்வுதல் என்னும் சொற்கள் இரண்டும் பொருந்துதல் என்னும் பொருளுடையன. ஒவ்வு என்னும் பகுதியினின்று பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயரே ஒவ்வாமை. ஒரு பொருள் ஒருவருடைய உடம்போடு பொருந்தாதிருத்தலை இச்சொல்லால் வழங்குகின்றோம். இதன் நயத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நோய் என்றால் குற்றம் உடம்பின்மேலதாகும். நஞ்சு என்றால் குற்றம் பொருளின்மேலதாகும். ஒவ்வாமை என்னும் சொல்லோ குற்றத்தை இரண்டனுள் ஒன்றன்மேல் ஏற்றாது, இரண்டற்கும் இடையே உள்ள உறவின்மேல் ஏற்றுகின்றது. மருத்துவ நூலார் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து கண்ட உண்மையும் ஏறத்தாழ இதுவே.

ஒரு பந்தியில் நூறு பேர் அமர்ந்து உண்கின்றனர். இறால் எல்லார்க்கும் சுவைக்கின்றது. ஒருவர்க்கு மட்டும் உதடு தடித்து உடம்பெல்லாம் அரிக்கின்றது. போகிக்கு முன்னாளில் வீட்டார் அனைவரும் கூடி ஒட்டடை அடிக்கின்றனர். தூசியை எல்லாரும் மூச்சோடு உள்ளிழுக்கின்றனர். சிறுமி ஒருத்தி மட்டும் ஓயாது தும்முகின்றாள். அவள் கண்கள் சிவந்து நீர் சொரிகின்றன. சிலர்க்கு வேர்க்கடலை, சிலர்க்கு முட்டை, சிலர்க்குப் பூக்களின் மகரந்தம், சிலர்க்குப் பூனையின் உடலினின்று உதிரும் பொடுகு, சிலர்க்குக் குளவியின் கொடுக்கு, சிலர்க்குப் பெனிசிலின் முதலிய மருந்துகளே ஒவ்வாதனவாகின்றன. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளே தூசித் தும்மலுக்குப் பெரிதும் காரணம் என்பதை நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரத்து அறிஞர்கள் 1960களில் எடுத்துக் காட்டினர்.

திடீரென உடம்பில் எழுந்து, சில நாழிகையில் மறைந்து, வேறோரிடத்தில் மீண்டும் எழும் தடிப்பை நம் நாட்டுப்புற மக்கள் 'காணாக்கடி' என்பர். கடித்தது யாது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆனால் கடித்தாற்போன்ற தடிப்பு மட்டும் இருக்கும். இப்பெயரை இட்டவர் யாரோ, அறியோம். கடிப்பது வெளியே இல்லை, உள்ளேயே உள்ளது என்று இன்று மருத்துவர் கூறக் கேட்கும்பொழுது, அப்பெயரின் பொருத்தம் வியப்பளிக்கின்றது.

உள்ளே இருந்து கடிப்பது யாது? நம் உடம்பு ஒரு கோட்டை போல்வது. நோய்க்கிருமிகள் உட்புகாதவாறு அதனைக் காக்கும் காவலர் இரத்தத்திலும் தோலிலும் மூக்கின் மெல்லிய சவ்விலும் குடலிலும் ஓயாது விழித்திருக்கின்றனர். பகைவனைக் கண்டு பாய்தல் அவர்தம் கடமை. ஆனால், சிலருடைய உடம்பில் இக்காவலர் வழிப்போக்கனையும் பகைவன் எனப் பிழைபட எண்ணிவிடுகின்றனர். கடலையும் மகரந்தமும் தாமாக ஒரு தீங்கும் செய்யாதவை. அவற்றைக் கண்டு காவலர் எழுப்பும் பேரிரைச்சலே துன்பம் தருகின்றது.

இதனை உலகம் எளிதில் உணர்ந்ததன்று. பிரான்சு நாட்டு அறிஞர் சார்லஸ் ரிஷே என்பாரும் பால் போர்ட்டியர் என்பாரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் வாழ் உயிர்களின் நஞ்சை ஆராய்ந்து வந்தனர். நாய் ஒன்றிற்கு அந்நஞ்சைச் சிறிதளவு செலுத்தினர். அஃது ஊறின்றி இருந்தது. ஏறத்தாழ மூன்று கிழமைகள் கழித்து அதே சிற்றளவை மறுபடியும் செலுத்தினர். பழகிய நஞ்சு ஆதலின் முன்னினும் எளிதாகத் தாங்கும் என்றன்றோ எவரும் எண்ணுவர்? அந்நாய் மூச்சுத் திணறி விழுந்து அரைமணி நேரத்திற்குள் இறந்தது. முதன்முறை கண்டதை உடம்பு நினைவில் வைத்திருந்து, இரண்டாம் முறை அளவுகடந்து சீறியது என்பது புலனாயிற்று. 1902 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே 1906 ஆம் ஆண்டில் இத்தகைய மாறுபட்ட இயல்பிற்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டினார். நாம் ஒவ்வாமை என்பது அதனையே.

இரைச்சலை எழுப்பும் காவலர் யாவர்? மாஸ்ட் செல்கள் எனப்படும் உயிரணுக்களாம். தோலின் அடியிலும் மூக்கின் சவ்விலும் மூச்சுக் குழாயிலும் குடற் சுவரிலும் இவை மிகுதியாக உள்ளன. ஒவ்வாப் பொருளை அடையாளம் கண்டுகொள்ளும் ஒருவகைப் புரதம் இவ்வுயிரணுக்களின் மேற்புறத்தில் ஒட்டிக் கொண்டிருக்கும். அப்பொருள் வந்து தொட்ட அளவில் உயிரணு தன்னுள் பொதிந்து வைத்துள்ள சிறு மணிகளை வெளியே கொட்டிவிடுகின்றது. அவற்றுள் முதன்மையானது ஹிஸ்டமின் என்னும் பொருள். அது சென்று பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் தளர்ந்து நீர் கசிகின்றது. நரம்பின் நுனி கிளர்ச்சியுறுகின்றது. ஆகவே தோலிற் பட்டால் சிவப்பும் தடிப்பும் அரிப்பும், மூக்கிற் பட்டால் தும்மலும் நீரொழுக்கும், கண்ணிற் பட்டால் உறுத்தலும் உண்டாகின்றன.

மாணவர்களே! ஹிஸ்டமினைக் கொடியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரைப்பையில் உணவைச் செரிக்கும் அமிலம் சுரத்தற்கு இதுவும் ஒரு துணை. மூளையிலோ இதன் பணி இன்னும் பெரிது. நாம் காலையில் கண்விழித்து, நாள் முழுதும் சோர்வின்றிக் கருத்தூன்றி இருத்தற்கு மூளையிற் சுரக்கும் ஹிஸ்டமின் இன்றியமையாதது. மூக்கிலே தொல்லை செய்யும் அதே பொருள் மூளையிலே விழிப்பைக் காக்கின்றது. இவ்வொன்றை மனத்திற் கொள்வீராயின், இனிக் கூறப்போகும் மருந்தின் நன்மையும் தீமையும் எளிதில் விளங்கும்.

பாரிசு நகரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய டேனியல் போவே என்பார் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். உடம்பில் ஒரு பொருள் செயற்படுமாயின், அதன் செயலைத் தடுக்கும் மற்றொரு பொருளும் இருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. அவரும் அவருடன் ஆய்ந்த ஆன்-மாரி ஸ்டோப் என்னும் அம்மையாரும் 1937 ஆம் ஆண்டில் ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் முதற்பொருளைக் கண்டனர். விலங்குகளிடத்து அது பயன்பட்டது. மக்கட்குக் கொடுக்க இயலாதவாறு நச்சுத்தன்மை உடையதாக இருந்தது. எனினும் வழி திறந்துவிட்டது. 1942 ஆம் ஆண்டில் மக்கட்குத் தரத்தக்க மருந்து பிரான்சிலேயே பிறந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜார்ஜ் ரீவ்ஷல் என்னும் வேதியியலறிஞர் 1943 ஆம் ஆண்டளவில் ஆக்கிய டைபென்ஹைட்ரமின் 1946 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. போவே 1957 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். இவ்வினத்தைச் சார்ந்தவை எல்லாம் ஆன்டிஹிஸ்டமின்கள் எனப்படும். நாம் ஹிஸ்டமின் எதிர்மருந்துகள் எனலாம்.

இம்மருந்து ஹிஸ்டமினை அழிப்பதன்று. ஹிஸ்டமின் தன் வேலையைச் செய்தற்கு உயிரணுக்களின் மேல் அதற்கென அமைந்த இடங்கள் உள. ஹிஸ்டமினைத் திறவுகோல் என்று கொண்டால் அவ்விடங்களைப் பூட்டுகள் எனலாம். பூட்டின் துளையில் மெழுகை அடைத்துவிட்டால் திறவுகோல் கையிலிருந்தும் என்ன பயன்? மருந்து செய்வது அவ்வளவே. ஆதலின், துளைகள் எல்லாம் திறந்த பின்னர் மெழுகைத் தேடுதலினும் முன்னரே அடைத்துவிடுதல் சிறப்பு. தூசியில் இறங்கி வேலை செய்யவேண்டிய நாளில், மருத்துவர் இசைவு பெற்றவர் ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரையை உட்கொள்ளுதல், தும்மல் முற்றிய பின் உட்கொள்ளுதலினும் பயன் தரும்.

இனி, மெழுகு எந்தெந்தப் பூட்டை அடைக்கின்றது என்பதே கேள்வி. முதலிற் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளாகிய டைபென்ஹைட்ரமின், பெனிரமின், குளோர்பெனிரமின், புரோமெத்தசின் முதலியன இரத்தத்தின் வழியே மூளைக்குள்ளும் எளிதிற் புகுந்துவிடும். அங்கே விழிப்பைக் காக்கும் பூட்டுகளையும் அடைத்துவிடும். உடனே தூக்கம் வரும். 'அவில்' உண்டவன் அயர்ந்து தூங்கினான் என்று நம் ஊர்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவில் என்பது பெனிரமினே. புரோமெத்தசின் மூளையில் விளைத்த அமைதியை மருத்துவர் கூர்ந்து நோக்கியதன் பயனாகவே, 1950களில் உளநோய் மருத்துவத்தை மாற்றியமைத்த குளோர்புரோமசின் என்னும் மருந்து பிறந்தது. மூக்குக்கு என்று செய்த மருந்து மூளைக்கு மருந்தாயிற்று என்றால், அதன் ஆற்றல் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை அறிந்துகொள்ளலாம்.

பின்னர் வந்தவை செட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் முதலியன. இவை மூளைக்குள் அவ்வளவாகப் புகுவதில்லை. ஆதலின் இவற்றால் வரும் மயக்கம் குறைவு. ஒருமுறை உண்டால் பெரும்பாலும் ஒரு நாள் முழுதும் பயன் தருவன. எனினும் செட்டிரிசின் உண்ட சிலர்க்குத் தூக்கம் வருதல் உண்டு. ஆகவே புதிதாக ஒரு மாத்திரையை உண்பவர், அது தம் உடம்பில் எவ்வாறு செயற்படுகின்றது என்று காணுமுன் வண்டி ஓட்டுதலும் பொறிகளின் அருகே நிற்றலும் ஆகா. அறுவை ஆலையிலும் அச்சகத்திலும் ஓடும் பொறிக்கு அரைக்கண் மூடிய கை என்பது தெரியாது.

யான் பள்ளியிற் பணியாற்றிய காலத்தில் நன்கு படிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். ஆண்டுத் தேர்வின்போது அவனுக்குத் தும்மல் கண்டது. பரிவுமிக்க அவன் பாட்டியார் முதல்நாள் இரவு ஒரு மாத்திரையும், காலையில் புறப்படும்பொழுது மற்றொரு மாத்திரையும் கொடுத்தனுப்பினார். தும்மல் நின்றது உண்மை. செய்யுட் பகுதிக்கு விடை எழுதி முடித்தவன் உரைநடைப் பகுதிக்கு வந்ததும் தாளின்மேல் தலை சாய்த்துவிட்டான். எழுப்பிய பின்னும் அவன் எழுத்துகள் வரிகளை விட்டுக் கீழே இறங்கிக் கொண்டே சென்றன. அவன் அவ்வாண்டு தேர்ச்சி பெற்றான் எனினும், பெறவேண்டிய மதிப்பெண்ணைப் பெற்றிலன். தூக்கம் தரும் மருந்தை இரவில் உண்டாலும் அதன் மந்தம் மறுநாட் காலை வரை நீடித்தல் உண்டு; காலையிலும் உண்டாற் கேட்க வேண்டுமோ?

இவனுக்காவது தூக்கம் வருவது தெரிந்தது. தெரியாமலே அறிவு மழுங்குதல் அதனினும் இடர் மிக்கது. அமெரிக்காவிலுள்ள அயோவா பல்கலைக்கழகத்தார் 2000 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மகரந்த ஒவ்வாமை உடைய நாற்பதின்மரை, சாலையில் ஓட்டுவது போன்றே தோன்றும் பயிற்சிப் பொறியில் அமர்த்திக் கார் ஓட்டச் செய்தனர். ஒரு முறை டைபென்ஹைட்ரமின், ஒரு முறை ஃபெக்சோஃபெனடின், ஒரு முறை மது, ஒரு முறை மருந்தற்ற வெறும் பொருள் என மாற்றி மாற்றிக் கொடுத்தனர். டைபென்ஹைட்ரமின் உண்டபொழுது அவர்கள் ஓட்டிய முறை மது அருந்தியபொழுது ஓட்டியதனினும் சீர்கெட்டிருந்தது. ஃபெக்சோஃபெனடின் உண்டபொழுது அக்கேடு காணப்படவில்லை. இதனினும் உற்று நோக்கத்தக்கது வேறொன்று. தமக்குத் தூக்கம் வருகின்றதா என்று அவர்கள் கூறிய விடைக்கும், அவர்கள் வண்டியை ஓட்டிய திறத்துக்கும் பொருத்தம் இல்லை. 'எனக்கொன்றும் செய்யவில்லை, நான் நன்றாகத்தான் இருக்கின்றேன்' என்று மாத்திரை உண்டவர் கூறும் சொல்லை நம்பி அவர் ஓட்டும் வண்டியில் ஏறலாகாது. இம்மருந்தோடு மதுவையோ தூக்க மாத்திரையையோ சேர்த்துக்கொள்வோர் ஒன்றை இரண்டாக்கிக் கொள்கின்றனர்.

நம் மருந்துக் கடைகளில் நிகழும் குழப்பம் ஒன்றையும் சொல்லவேண்டும். புலவர்க்கு இயற்பெயரும் புனைபெயரும் இருப்பதுபோல மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. உறையின்மேல் பெரிய எழுத்தில் விளங்குவது நிறுவனத்தார் சூட்டிய புனைபெயர். அதன் அருகே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் இயற்பெயர். பல்வேறு புனைபெயர்களுக்குள் ஒரே மருந்து மறைந்திருத்தல் மிகுதி. சளிக்கென்று விற்கும் கலவை மாத்திரையிலும், இருமலுக்கென்று விற்கும் இனிப்பு நீரிலும், அரிப்புக்கென்று விற்கும் மாத்திரையிலும் குளோர்பெனிரமின் இருத்தல் கூடும். மூன்று தொல்லைக்கு மூன்று மருந்து உண்டதாக எண்ணுகின்றவர் ஒரே மருந்தை மும்மடங்கு உண்கின்றார். சிறிய எழுத்தைப் படித்தல் என்பது பழஞ்சுவடியைப் படித்தல்போல் அருமையானதன்று. கண்ணாடி அணிந்து ஒரு நொடி செலவிட்டாற் போதும். படிக்க இயலாத முதியவர்க்கு வீட்டிலுள்ள மாணவர்கள் படித்துச் சொல்லலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் ஒன்று உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் நோக்கியே மருத்துவன் செயற்படல் வேண்டும் என்பது அங்கே கூறப்படும் கருத்து. இம்மாத்திரைகளைக் கையில் எடுக்கும்பொழுது அக்கருத்தை நினைத்துக்கொள்வது நலம்.

நோயாளியின் அளவு என்பதை முதியோரிடத்தும் குழந்தைகளிடத்தும் காணலாம். முற்பட்ட மருந்துகள் ஹிஸ்டமினை மட்டுமன்றி, உமிழ்நீரையும் கண்ணையும் குடலையும் சிறுநீர்ப்பையையும் இயக்கும் வேறொரு பொருளின் செயலையும் தடுப்பன. அதனால் வாய் வறளும், மலம் கட்டும். இளையோர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. எங்கள் தெருவில் எழுபது கடந்த பெரியவர் ஒருவர் சளிக்கென்று இரண்டு நாள் மாத்திரை உண்டு, சிறுநீர் அறவே அடைபட்டு, நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவர்க்கு இவ்வாறு நேர்தல் உண்டு. கண்ணுள் அழுத்தம் மிகும் நோயின் ஒருவகையில் இம்மருந்து பார்வைக்கே கேடு சூழும். இன்னும் சில முதியோர் இதனை உண்டு மனங் குழம்பி, இரவில் எழுந்து நடக்கையில் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கின்றனர். விழுந்தது தள்ளாமையால் என்று வீட்டார் எண்ணுவர்; மாத்திரையை எவரும் ஐயுறார். சிறுநீரகம் தளர்ந்தவர்க்குச் செட்டிரிசினின் அளவையும் குறைத்தல் வேண்டும். வளர்ந்தோர்க்கு வழக்கமாகிய நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் அவர்க்கு மிகையாகும். கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் எதனையும் உண்ணலாகாது.

குழந்தை என்பது சிறிய அளவில் உள்ள பெரியவர் அன்று. அரை மாத்திரை கொடுத்தால் அரை வேலை செய்யும் என்னும் கணக்கு அங்கே செல்லாது. புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சையே அடக்கி உயிர்க்கு இறுதி செய்தல் கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து ஆட்சித்துறை 2004 ஆம் ஆண்டில் கடுமையான எச்சரிக்கை அச்சிடச் செய்தது. குளோர்பெனிரமினும் ஃபினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகட்குக் கொடுத்தலாகாது என்று உறையின்மேல் பொறிக்குமாறு நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பணித்தது. ஆயினும் நெடுந்தொலைவுப் பேருந்தில் குழந்தை அழாமல் உறங்கட்டும் என்று ஒரு கரண்டி மருந்தைப் புகட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. குழந்தை அழுதால் பயணிகள் முகம் சுளிப்பர், சுளித்துவிட்டுப் போகட்டும். மருத்துவரே எழுதித் தந்த மருந்தாயினும், அடுக்களைக் கரண்டியால் அளத்தல் தவறு. கரண்டிக்குக் கரண்டி அளவு வேறுபடும். புட்டியோடு வரும் அளவுகோப்பையே அதற்கு உரியது. இனிப்பு நீர் என்று குழந்தை தானே எடுத்துக் குடித்துவிட்டால், அளவு மிகுதியால் வலிப்பும் இதயத்தின் துடிப்பில் கோளாறும் உண்டாகும். புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

உடன் உண்ணும் பிற மருந்துகளையும் மறத்தலாகாது. டெர்ஃபெனடின் என்னும் மருந்து 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு இசைவு பெற்றது. தூக்கம் தராத மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. சில ஆண்டுகளில் அதன் மறுபுறம் தெரிந்தது. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளோடு அதனைச் சேர்த்து உண்டவர் சிலர்க்கு இதயத்துடிப்பு நிலைகுலைந்தது, சிலர் இறந்தனர். கல்லீரல் டெர்ஃபெனடினைச் சிதைத்து மாற்றுவதை அப்பிற மருந்துகள் தடுத்துவிட, அஃது இரத்தத்தில் அளவு கடந்து சேர்ந்ததே காரணம். 1990களின் இறுதியில் அங்கே அதன் விற்பனை நின்றது. இங்கே ஒரு வியப்பு. கல்லீரல் அதனைச் சிதைத்தபின் பிறந்த பொருள் ஒவ்வாமையைத் தடுத்தது. இதயத்திற்கோ ஊறு செய்யவில்லை. அதனையே தனி மருந்தாக ஆக்கினர். அதுதான் முன்னர்க் கூறிய ஃபெக்சோஃபெனடின். இதனைப் பழச்சாற்றோடு உண்டால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும், ஆரஞ்சு, ஆப்பிள் முதலியவற்றின் சாறு ஆகாது, நீரே தக்கது.

நோயின் அளவுக்கு வருவோம். தும்மல், மூக்கொழுக்கு, கண்ணரிப்பு, காணாக்கடி ஆகியவற்றுக்கு இம்மருந்துகள் நன்கு பயன்படுவன. மூக்கடைப்பை இவை அவ்வளவாக நீக்குவதில்லை. நாட்பட்ட அடைப்புக்கு மருத்துவர் மூக்கில் தெளிக்கும் வேறு மருந்தைத் தருவர். கிருமியால் வரும் வெறுஞ்சளியைக் குணமாக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. இரைப்பு நோய்க்கு இவை மருந்தாகா. இழுக்கும் மூச்சைத் தணிக்க மாத்திரையை விழுங்கிக் காத்திருத்தல் காலத்தைக் கொல்வதாகும். பார்த்தீனியம் என்னும் களையை நீங்கள் வயல்வரப்பிலும் இருப்புப்பாதை ஓரத்திலும் கண்டிருப்பீர்கள். 1950களில் புனே நகரில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய செடி அது. அதனைப் பிடுங்கும் உழவர் பலர்க்குக் கையும் கழுத்தும் முகமும் கறுத்துத் தடித்து வெடிக்கின்றன. இதுவும் ஒவ்வாமையே. ஆயினும் இது பெரிதும் ஹிஸ்டமினால் விளைவதன்று. வேறுவகைக் காவலர் ஓரிரு நாள் கழித்து வந்து செய்யும் வேலை. ஆகவே எதிர்மருந்து உண்டால் இரவில் சிறிது உறக்கம் வருமேயன்றி, நோய் நீங்காது. அதனைத் தோல் மருத்துவரிடம் காட்டவேண்டும். கையுறை அணியாது அச்செடியைத் தொடலாகாது.

பல மாதம் நாள்தோறும் செட்டிரிசினை உண்டுவந்தவர் அதனைத் திடீரென நிறுத்தினால், அரிதாகச் சிலர்க்குக் கடுமையான அரிப்பு உண்டாகின்றது என்று 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மருந்து ஆட்சித்துறை அறிவித்தது. முன்பு இல்லாத அரிப்பு அது. மாத்திரையை மீண்டும் தொடங்கினால் அடங்கிவிடுகின்றது. எனவே நெடுங்காலம் உண்ண வேண்டியவரும், நெடுங்காலம் உண்டு நிறுத்த விரும்புவோரும் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிதாகிய செய்தியை இப்பொழுது சொல்கின்றேன். ஒவ்வாமை சில வேளைகளில் ஓர் உறுப்பளவில் நில்லாது உடம்பு முழுதும் பொங்கி எழும். ரிஷேயின் நாய்க்கு நேர்ந்தது அதுவே. குளவி கொட்டிய சில நிமிடங்களில், அல்லது ஒவ்வா உணவோ மருந்தோ உட்சென்ற சிறிது நேரத்தில், உடம்பெல்லாம் தடித்து, நாவும் தொண்டையும் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்து, வாந்தி எடுத்து, தலை சுற்றி விழுவர். இரத்தக் குழாய்கள் யாவும் ஒருங்கே தளர்ந்து இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். இந்நிலையில் ஹிஸ்டமின் எதிர்மருந்து உயிர் காவாது. அது செயற்படத் தொடங்குதற்கே நேரம் செல்லும். வீங்கிய தொண்டையைத் திறக்கவும், வீழ்ந்த அழுத்தத்தை நிமிர்த்தவும் அதனால் இயலாது. மெழுகால் துளை அடைப்பது திறவுகோல் ஒன்று இரண்டு வரும்பொழுதே. இங்கோ கதவுகள் எல்லாம் தகர்ந்து கிடக்கின்றன. அப்பொழுது உதவவல்ல மருந்து அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசி மூலம் அதனைச் செலுத்துவர். தளர்ந்த குழாய்களை அது சுருக்கும், மூச்சுக் குழாயை விரிக்கும், இதயத்தை ஊக்கும்.

ஆதலின், அத்தகைய குறி கண்ட அளவில் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தல் வேண்டும். அல்லது அட்ரினலின் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுதல் வேண்டும். 'அவில் ஒன்று கொடுத்திருக்கின்றோம். சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்' என்று வீட்டில் இருத்தல் கூடாது. தோலின் தடிப்பு மாத்திரையால் சிறிது தணிதல் கூடும். அதனைக் கண்டு நோய் நீங்கியது என்று எண்ணிவிடுவர். உள்ளே தொண்டை வீங்கிக்கொண்டிருக்கும். நோயாளியைப் படுக்க வைத்துக் காலைச் சற்றே உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுவாராயின் சாய்ந்து உட்காரச் செய்யலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடலாகாது. குணமடைந்தது போலத் தோன்றிய பின்னும் சில மணி நேரத்தில் மீண்டும் அது பொங்குதல் உண்டு. அதனாலேயே மருத்துவர் சில மணி நேரம் மருத்துவமனையில் இருத்திப் பார்ப்பர்.

ஒருமுறை அவ்வாறு நேர்ந்தவர் தமக்கு ஒவ்வாதது யாது என்பதைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மாணவராயின் வகுப்பாசிரியரிடமும் உடன் அமரும் நண்பனிடமும் சொல்லி வைத்தல் வேண்டும். எப்பொருள் ஒவ்வாதது என்று தெரியாதவர்க்கு, மருத்துவர் தோலில் ஐயத்திற்குரிய பொருளை ஒரு துளி இட்டு ஊசி முனையால் மெல்லக் குத்திப் பார்ப்பர்; ஒவ்வாதாயின் ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் அவ்விடம் கொசுக்கடி போல் தடிக்கும். இச்சோதனைக்குச் செல்வோர் தாம் உண்டுவரும் மாத்திரையை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறவேண்டும். ஹிஸ்டமின் எதிர்மருந்து உடம்பில் இருக்குமாயின் எழவேண்டிய தடிப்பும் எழாது. ஆதலின் ஒரு கிழமையளவு அதனை நிறுத்திவிட்டு வருமாறு மருத்துவர் பெரும்பாலும் கூறுவர்.